தானியத்துக்கும் எழுத்துக்கும் ஒரே சாமி

இயற்கை வேளாண்மை இதழில் சுமேரியர்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன், என் பேத்தியிடம்.

காலாண்டு விடுமுறைக்கு நாமக்கல்லில் இருந்து மலைக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியல் புத்தகத்தில் பண்டைய நாகரிகங்கள் என்று ஒரு பாடம். மிளகுக் கொடிகளுக்கு மூடாக்குப் போட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். "தாத்தா, உலகத்துல எழுத்து வந்ததே கணக்கு எழுதத்தானாம். கதை, பாட்டெல்லாம் அப்புறந்தானாம். உங்க வேலைதான் மொதல்ல வந்திருக்கு" என்றாள்.

37 வருடம் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் உட்கார்ந்துகொண்டது. அவள் போன பிறகு, மழைக்கு வெளியே போக முடியாத நாட்களில், கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய 400 சுமேரியப் படைப்புகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க, இது நம் பைல் நாட்டுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

களிமண் பேரேடு

இன்றைய ஈராக்கின் தெற்குப் பகுதி. யூப்ரடிஸ், டைகிரிஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட வண்டல் பூமி. கல் கிடையாது, நல்ல மரம் கிடையாது. களிமண்ணும் நாணலும்தான் கொட்டிக் கிடந்தன. கி.மு. 3200 வாக்கில் உருக் என்ற நகரத்தில், ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் கீறிக் கணக்கு வைத்தார்கள். கிடைத்திருக்கும் மிகப் பழைய பலகைகளில் பெரும்பாலானவை பார்லி எத்தனை அளவு வந்தது, யாருக்கு எவ்வளவு கூலி அளந்தார்கள், ஆடு எத்தனை என்ற விவரங்கள்தான்.

கொஞ்சம் பின்னால் வந்தால் கடன் பத்திரமும் வந்துவிடுகிறது. வெள்ளியாகக் கடன் வாங்கினால் வட்டி ஐந்தில் ஒரு பங்கு. பார்லியாக வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு. அதுதான் அங்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்த வட்டி. நம்ம ஊரில் விதைக்கு வாங்கி அறுப்பில் அளக்கும் கணக்கை நினைத்துக்கொண்டேன்.

கடன் தள்ளுபடியும் உண்டு! கி.மு. 2400 வாக்கில் லகாஷ் நகரை ஆண்ட என்மெதெனா என்ற மன்னன் தன் மக்களின் கடனை நீக்கியதைக் கல்வெட்டாகவே பொறித்து வைத்திருக்கிறான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அமர்கி'. நேர்ப்பொருள், தாயிடம் திரும்புதல். கடனுக்காக அடிமைப்பட்டவர்கள் வீடு திரும்பினார்கள் என்று அர்த்தம். 2008 தள்ளுபடித் திட்டத்தில் எங்கள் கிளைப் பட்டியலை மூன்று இரவு உட்கார்ந்து தயாரித்தவன் நான். சிறு, குறு விவசாயி யார், மற்றவர் யார் என்று பிரித்துப் பிரித்துக் கண் எரிந்தது. அந்த வேலைக்கு இப்படி ஓர் அழகான சொல் இருந்தது அப்போது தெரியாது.

இதுவரைக்கும் பேத்தி சொன்னது சரி. கணக்குதான் முதலில் வந்தது. ஆனால் சுமேரியர் கணக்கோடு நிற்கவில்லை. என்னை உலுக்கியது அதற்குப் பிறகு வந்ததுதான்.

அப்பன் மகனுக்குச் சொன்ன வெள்ளாமை

சுமேரிய இலக்கியத்தில் நூறு வரிக்குச் சற்று மேல் நீளமுள்ள ஒரு படைப்பு இருக்கிறது. உழவனுக்கு அறிவுரை என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். ஓர் அப்பன் தன் மகனுக்கு ஓராண்டு வெள்ளாமையை ஆரம்பம் முதல் தூற்றி அளப்பது வரை சொல்கிறான்.

வயலில் தண்ணீர் விடுமுன் கரையையும் வாய்க்காலையும் போய்ப் பார். தண்ணீரை ரொம்ப ஏறவிடாதே. நீர் வடிந்த ஈர நிலத்தில் மாட்டை இறங்கவிடாதே. ஏறக்குறைய ஆறு மீட்டர் அகலத்துக்கு எட்டுச் சால் போடு. விதை இரண்டு விரல் ஆழம் போகட்டும். விதை போடுகிறவன் மேல் ஒரு கண் வை. முளை வெளியே தலைகாட்டும் அன்று எலிக்காகச் சாமி கும்பிடு. பயிர் சாலின் அடியை மூடியதும் முதல் தண்ணீர். பாய் விரித்தாற்போல அடர்ந்ததும் அடுத்த தண்ணீர். இலை முழுக்க விரிந்த பருவத்தில் மட்டும் தண்ணீர் காட்டாதே, துருநோய் விழுந்துவிடும். மணி திரண்ட பிறகு ஒரு தண்ணீர் கொடுத்தால் பத்துக்கு ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். கதிர் தலைசாயும்வரை காத்திருக்காதே, அது திடமாக நிற்கும்போதே அறு.

இப்படியே போகிறது. இதில் எங்கே இலக்கியம் என்று கேட்பவர்கள், வயலில் அப்பனுக்குப் பின்னால் நடந்து பழகாதவர்கள். எனக்கு அதைப் படிக்கும்போது எங்கப்பா குரல்தான் கேட்டது. இதைக் களிமண்ணில் எழுதி இன்றைக்கு ஏறக்குறைய 3,700 ஆண்டு ஆகிறது.

இன்னொன்று, மண்வெட்டிக்கும் கலப்பைக்கும் நடந்த வழக்கு. கலப்பை பெருமை அடிக்கிறது: என்னை ராஜாவே தொட்டுப் பிடிக்கிறார், எனக்குத் திருவிழா எடுக்கிறார்கள். மண்வெட்டி ஏழை வீட்டுப் பிள்ளை. அது விடவில்லை. நீ வருஷத்தில் நாலு மாசம் வேலை செய்கிறாய், எட்டு மாசம் படுத்துக் கிடக்கிறாய். நான் பன்னிரண்டு மாசமும் உழைக்கிறேன். உன்னை ஓட்ட எத்தனை மாடு, எத்தனை ஆள்! நீ ஒடிந்தால் சரிபண்ண எத்தனை பேர்! வாய்க்கால் வெட்டுவது நான், சுவர் எழுப்புவது நான், தோட்டம் போடுவது நான் என்கிறது. கடைசியில் என்லில் என்ற பெரிய சாமி மண்வெட்டி பக்கம் தீர்ப்புச் சொல்கிறது.

டிராக்டர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு, பிறகு அதே டிராக்டரை ஜப்தி செய்யவும் போன எனக்கு இந்த வழக்கு நன்றாகவே புரிந்தது. ஏர் ஏறாத சரிவில் கொத்தை வைத்தே ராகி விளைவித்த நம் மலைக்காரர்களுக்கும் புரியும்.

இந்த மாதிரிப் படைப்புகளில் பல ஒரு வாழ்த்தோடு முடிகின்றன. வாழ்த்து நிசபா என்ற பெண் தெய்வத்துக்கு. யார் இந்த நிசபா? முதலில் அவள் தானியத்தின் தெய்வம். பிறகு எழுத்துக்கும் கணக்குக்கும் அவளே தெய்வம் ஆனாள். விளைந்ததை அளக்கிறவளும், அளந்ததை எழுதுகிறவளும், விளைவித்த பாட்டைக் காக்கிறவளும் ஒருத்தியே. பின்னாளில் பாபிலோனியர் காலத்தில் எழுத்து வேலை நபு என்ற ஆண் தெய்வத்தின் கைக்குப் போய்விட்டது.

இங்கே நம்மில் சிலர், ஊர் என்று அங்கே ஒரு நகரம் இருந்ததே, அப்படியானால் சுமேரியர் தமிழர்தானே என்று ஆரம்பிப்பார்கள். என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள். அந்த நகரத்தை அவர்கள் ஊரிம் என்று எழுதினார்கள். அவர்கள் மொழிக்கு உறவுமொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. சொந்தம் கொண்டாடித்தான் மரியாதை கொடுக்க வேண்டும் என்றில்லை. அடுத்த ஊர்க்காரன் நன்றாக வெள்ளாமை செய்தாலும் வரப்பில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்கிறோம் அல்லவா?

பிள்ளைகள் காப்பாற்றிய இலக்கியம்

கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். நமக்குக் கிடைத்திருக்கும் சுமேரிய இலக்கியத்தில் பெரும்பகுதி, நிப்பூர், ஊர் போன்ற நகரங்களில் கி.மு. 1800, 1700 வாக்கில் எழுதப்பட்ட பிரதிகள். எழுதியவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பள்ளிக்கு அவர்கள் சொன்ன பெயர் 'எடுப்பா', பலகை வீடு. அந்தக் காலத்தில் வீட்டில், சந்தையில் யாரும் சுமேரியம் பேசவில்லை, பேச்சுமொழி அக்காடியமாகிவிட்டது. இருந்தும் வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். பயிற்சிக்காக எழுதிய பலகைகள்தான் மண்ணுக்குள் கிடந்து பிழைத்தன.

அவையும் முழுசாக வரவில்லை. ஒரே பாட்டின் ஒரு துண்டு இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில், இன்னொரு துண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில். சாமுவேல் நோவா கிரேமர் (1897–1990) போன்ற அறிஞர்கள் ஆயுள் முழுக்க இவற்றை ஒட்டவைத்துப் படித்தார்கள்.

நம் பக்கம் வருவோம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை ஆடி மாதம் செம்மேட்டில் விழா எடுத்துக் கொண்டாடுகிறோம். ஓரி பெயர் நமக்கு எப்படித் தெரியும்? வன்பரணர், கழைதின் யானையார் போன்ற புலவர்கள் பாடினார்கள். யார் யாரோ பெயர் தெரியாதவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓலையில் படியெடுத்தார்கள். உ.வே.சா. 1894-ல் புறநானூற்றை அச்சில் ஏற்றினார். ஓலை செல்லரிக்கும்; மறுபடி மறுபடி எழுதினால்தான் நிற்கும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் ஓரி இல்லை.

களிமண் ஆயிரக்கணக்கான ஆண்டு தாங்கும். ஓலை சில நூறு ஆண்டு. வாய்ச்சொல்லின் ஆயுள், சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே ஒரே ஒரு தலைமுறை. நம் மலையின் வேளாண்மை முழுக்க அந்த வாய்ச்சொல்லில்தான் இருக்கிறது, அல்லது இருந்தது.

என் பங்குக்கு நான் செய்த தப்பு

என்னைப் பற்றிச் சொல்லாமல் ஊருக்கு உபதேசம் பண்ணக்கூடாது.

நான் பைல் நாட்டில் பிறந்தவன். சின்ன வயதில் எங்கள் மேட்டு நிலத்தில் சாமை, தினை, ராகி, பனிவரகு எல்லாம் இருந்தன. எங்கம்மாதான் விதை எடுப்பார். எந்தக் கதிர் விதைக்கு, எந்தக் கதிர் சோற்றுக்கு என்று நின்ற பயிரிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார். நான் படித்து, 1982-ல் வங்கியில் சேர்ந்தேன். பல வருடம் கழித்து மலையடிவாரத்துக் கிளை ஒன்றில் வேளாண் கடன் பார்க்கும் வேலை வந்தது.

எங்கள் கிளையில் ஏக்கருக்கு எந்தப் பயிருக்கு எவ்வளவு கடன் என்று ஒரு பட்டியல் இருக்கும். மரவள்ளிக்கு இருந்தது. காபி, மிளகுக்கு இருந்தது. என் மேசைக்கு வந்த பட்டியலில் சாமைக்கு இல்லை. சாமை போடுகிறேன் என்று வந்தவர்களிடம், "மரவள்ளின்னு போட்டுக்கங்க, உடனே பாஸ் ஆயிடும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. உதவி என்று நினைத்துத்தான் சொன்னேன். காகிதத்தில் மரவள்ளி என்று எழுதினால், இரண்டொரு வருடத்தில் நிலத்திலும் மரவள்ளியே வந்துவிடுகிறது. ஜவ்வரிசி ஆலைக்காரர் கையில் காசு கொடுப்பார், கடனும் அடைந்துவிடும். யாரைக் குறை சொல்ல?

ஒரு முறை அம்மா கேட்டார்: "ஏங் கண்ணு, அத்தாப் பெரிய நோட்டுல சாமைன்னு ஒரு பேரு இருக்குதா?" இல்லை என்றேன். "அப்ப அது என்ன நோட்டு?" என்றார். அம்மாவுக்கு நம்ம ஆபீஸ் விஷயம் என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா 2006-ல் காலமானார். நான் 2019-ல் ஓய்வுபெற்று வந்து, அப்பா நிலத்தில் இயற்கை வழியில் பயிர் வைக்க ஆரம்பித்தேன். தம்பி வீட்டில் ஒரு பானை விதை இருந்தது. அம்மா வைத்திருந்த சாமை. தம்பி மனைவி இரண்டொரு வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் போட்டுப் புதுப்பித்துக் காப்பாற்றி வந்திருக்கிறார். வாங்கிவந்து, ஜீவாமிர்தம் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, கீழ்த் துண்டில் விதைத்தேன். நன்றாக வளர்ந்தது, ரொம்ப நன்றாக வளர்ந்தது. கதிர் பிடிக்கிற நேரத்தில் மழைக்கு மொத்தமாகப் படுத்துவிட்டது. பாதி முளைத்தே போனது.

பக்கத்து நிலத்துப் பெரியம்மாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். வரப்பில் நின்று பார்த்தார். "தம்பி, இத எதுக்கு இந்தக் குண்டுல போட்ட? உங்கம்மா அந்தக் கல்லு மேட்டுலதான போடுவா? அதுவும் இவ்வளவு நெருக்கமாவா?" என்றார்.

"பெரியம்மா, இது என்ன சாமை, பேரு என்ன?"

"உங்கம்மாளத்தான் கேக்கோணும்."

இன்னும் இரண்டு பாட்டிகளிடம் கேட்டேன். ஒருவர் கட்டவெட்டிச் சாமை என்றார். இன்னொருவர் இல்லவே இல்லை, திருகுலச் சாமை என்றார். விதை என் கையில் இருந்தது. அதற்குரிய அறிவுரை அம்மாவோடு போய்விட்டது. அதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டியவன், பேனாவும் கையுமாக 37 வருடம் உட்கார்ந்திருந்த நான்தான். எத்தனை ஆயிரம் பேரின் கடனை எழுதினேன்! அம்மாவின் ஒரு வரி எழுதவில்லை.

சுமேரியர் கையில் ஒரே நாணல் குச்சிதான் இருந்தது. அதால் கடனையும் எழுதினார்கள், விதைப்பையும் எழுதினார்கள். நம் மலைக்கு எழுத்து வந்தபோது அது பட்டாவாக, ரசீதாக, கடன் பத்திரமாக மட்டும்தான் வந்தது. நமக்குத் தெரிந்ததை எழுத அது பயன்படவே இல்லை. என் வாதம் இவ்வளவுதான்.

மறுத்துப் பேசுகிறவர்களுக்கு

எழுதி என்ன ஆகப்போகிறது, விதைத்தால்தானே விதை பிழைக்கும் என்று நம் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். உண்மை. எழுதிவைத்துவிட்டு விதைக்காமல் விட்டால் அது அருங்காட்சியகம். ஆனால் விதைத்தும் என் சாமை படுத்ததே! இரண்டும் வேண்டும்.

இன்னொருவர், எழுதினால் கம்பெனிக்காரன் திருடிக்கொள்வான் என்றார். நியாயமான பயம். அதற்குத்தான் 2002 பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது சட்டம். உழவர்கள் காத்துவந்த ரகத்தை உழவர் பெயரிலேயே பதிவு செய்ய 2001-ன் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. எழுதாமல் வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது. இது எங்கள் ஊரில் முன்பே இருந்தது என்று காட்ட நம் கையில் ஒரு காகிதம் வேண்டும்.

மூன்றாவது பேச்சு பெண்களிடமிருந்து வந்தது. "சாமைய உரல்ல குத்திக் குத்திக் கை காய்ச்சுப் போச்சு. ரேஷன் அரிசி வந்துச்சு, உட்டோம். இதயும் எழுதுவீங்களா?" என்றார் ஓர் அக்கா. கட்டாயம் எழுத வேண்டும். சாமை போனதற்கு வங்கி ஒரு காரணம் என்றால் உரல் இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் விதை வங்கிகளோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கொண்டுவந்தது அதனால்தான். பழசை மெச்சுகிற ஆம்பளைகள் ஒரு படி சாமை குத்திப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

செய்ய வேண்டியது

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். அடுத்த கிராமசபையில் நம் உறுப்பினர்கள் எழுந்து ஒரே கேள்வி கேட்கலாம்: நம் ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேடு எங்கே, அதில் என்ன எழுதியிருக்கிறது, யாரைக் கேட்டு எழுதினார்கள்? இல்லையென்றால் தீர்மானம் போடச் சொல்வோம். இருந்தால் வாசிக்கச் சொல்வோம். வெறும் பெயர்ப் பட்டியல் போதாது. எந்த மேடு, எந்தப் பட்டம், எவ்வளவு இடைவெளி, கூட எதை விதைப்பது, விதைக்கதிரை எப்படித் தேர்வது, எதில் சேமிப்பது, எப்போது தண்ணீர் ஆகாது, இவ்வளவும் வேண்டும். சொன்னவர் பெயரும், அவர் சொன்ன பேச்சு நடையும் அப்படியே வேண்டும்.

பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு பக்கம், வீட்டுப் பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். சுமேரியத்தைக் காப்பாற்றியதே அந்த மாதிரி வீட்டுப்பாடம்தான்.

சுமேரியர் தங்கள் நாடு அழிந்ததைப் பற்றியும் புலம்பல் பாடல் எழுதினார்கள். கி.மு. 2000 வாக்கில் ஊர் நகரம் பகைவர் கையில் விழுந்தது. அந்தப் புலம்பலில் கோட்டை, கோயில் மட்டும் சொல்லப்படவில்லை. மண்வெட்டி நிலத்தில் படாது, விதை மண்ணில் விழாது, மாடு ஓட்டுகிறவன் பாட்டு வெளியில் கேட்காது என்பதையும் நாட்டின் அழிவில் ஒன்றாகச் சேர்த்தே சொல்கிறார்கள். நம் மலையில் எந்தப் பகைவனும் வரவில்லை. ஏர்ப்பாட்டு நின்று எத்தனை வருடம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.

இராசிபுரத்தில் ஒரு பேரேடு வாங்கிவந்திருக்கிறேன். பழைய மாதிரி, நீள வாக்கில், சிவப்புக் கோடு போட்டது. பக்கத்து நிலத்துப் பெரியம்மா சொல்லச் சொல்ல இதுவரை 11 பக்கம் எழுதியிருக்கிறேன். பேத்தி அரையாண்டு லீவுக்கு வந்தால் மீதியை அவள் எழுதுவாள். முதல் பக்கம் அம்மாவின் சாமைக்கு. கல்லு மேட்டில், கலக்க விதைக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. பானையில் இன்னும் இரண்டு படி விதை உள்ளது. பைல் நாட்டுப் பக்கம் வருகிற பெரியவர்கள் யாராவது பார்த்துப் பெயர் சொன்னால், பக்கத்தில் அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்வேன். ஒரு படி விதையும் தருவேன்.